ஆர் முதல்ல கண்டது? மில்லிசெக்கன் விக்கிற சந்தையைப் பற்றி

பிளொக்செயின் தரவை ஆர் கெதியாத் தாறது எண்டு ஒப்பிடுற அட்டவணைகள் இப்ப டெலிகிராம் குழுக்களிலும் யூடியூப்பிலும் நிறையக் கிடக்குது. ஒரு பக்கத்தில சேவையின்ர பெயர், மற்றப் பக்கத்தில மில்லிசெக்கன். முதலாவதா வந்தவருக்குப் பச்சை நிறம், கடைசியா வந்தவருக்குச் சிவப்பு. கீழே ஒரு சந்தா இணைப்பு. எங்கட வயதுக்காரர் கன பேர் இதைப் பகிர்ந்து, "இதை எடுத்தா நாங்களும் முதல்ல வாங்கலாம்" எண்டு கதைக்கினம்.

எங்கள் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். இந்த அட்டவணைகளில் பல, அளக்கிறதாகச் சொல்லுறதை அளக்கவில்லை. ஒழுங்காக அளந்தவையும், போனில் கொயின் வாங்குற ஒருவருக்குப் பிரயோசனமில்லாத ஒன்றைத்தான் அளந்திருக்கின்றன. அதைவிட முக்கியமானது, இந்த வேக ஓட்டத்துக்கான செலவு கடைசியில் ஓட்டத்தில் கடைசியாக நிக்கிற ஆளிட்டைத்தான் வந்து சேருது. கலைப்பீடக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு கேப்பீங்கள். ஒரு அட்டவணையை ஆர் செய்தது, எங்க இருந்து செய்தது, எதை விட்டிட்டுச் செய்தது எண்டு கேக்கிறதுக்குத்தானே எங்களுக்கு மூண்டு நாலு வருசமாப் படிப்பிக்கினம்.

கதையைச் சொலானாவில் தொடங்குவோம், ஏனெண்டா இந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை சொலானாவைப் பற்றியவை. எதீரியத்தில் 12 செக்கனுக்கு ஒருக்கா ஒரு பிளொக்குக்கான நேரம் வருகிறது. சொலானாவில் அது ஏறக்குறைய 400 மில்லிசெக்கன். அதை ஸ்லொட் எண்டு சொல்லுவினம். ஒவ்வொரு ஸ்லொட்டிலும் பிளொக்கை உருவாக்க ஒரு வலிடேற்றர் பொறுப்பாக இருக்கும், அதுதான் அந்த நேரத்து லீடர். ஒரு லீடருக்கு அடுத்தடுத்து நாலு ஸ்லொட், அதாவது 1.6 செக்கன். பிறகு பொறுப்பு இன்னொருவரிட்டப் போயிடும். அவர் உலகத்தின்ர வேற மூலையில இருக்கலாம்.

இந்த வேகத்தில் நடக்கிறதை வெளியில் இருக்கிற ஒரு மென்பொருள் எப்படிப் பார்ப்பது? பழைய வழி, திரும்பத் திரும்பக் கேக்கிறது. ஏ.எல் ரிசல்ட் வாற அண்டு பரீட்சைத் திணைக்களத்தின்ர தளத்தை நிமிசத்துக்குப் பத்துத் தரம் ரிஃப்ரெஷ் பண்ணுவமே, அதே வேலைதான். புது வழி, மாற்றம் நடந்த உடனேயே தரவை வலிடேற்றர் தானாக வெளியே தள்ளிவிடுவது. சொலானாவில் அதற்கான இடைமுகத்துக்குப் பெயர் கெய்சர். ட்ரைட்டன் வன் எண்ட கொம்பனி அதன்மேல் யெலோஸ்டோன் ஜிஆர்பிசி என்ற திறந்த மூல மென்பொருளைக் கட்டியது. இண்டைக்குச் சந்தையில் இருக்கிற பல சேவைகள் அதையோ, அதையொத்த ஒன்றையோதான் தங்கட பெயரில விக்கினம். ஹீலியஸ், குயிக்நோட் எல்லாம் இந்த வியாபாரத்தில்தான் நிக்கின்றன. விலை மாதத்துக்கு நூற்றுக்கணக்கான டொலரில் தொடங்கி ஆயிரக்கணக்கில் போகும்.

இதைவிடக் கெதியான இன்னொன்று இருக்கிறது. லீடர் ஒரு பிளொக்கை முழுசாக முடிச்சிட்டு அனுப்புறதில்லை. செய்யச் செய்யவே அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்பும். அந்தத் துண்டுக்கு ஷ்ரெட் எண்டு பெயர். ஜிட்டோவின் ஷ்ரெட்ஸ்ட்ரீம் போன்ற சேவைகள் இந்தத் துண்டுகளை நேரடியாகவே தருகின்றன. இங்கதான் அட்டவணைகளின் முதல் கள்ளம் இருக்கு. ஷ்ரெட்டில வாறது மூலப்பொருள். ஒரு பரிவர்த்தனை வரிசையில் இருக்கு எண்டு அதில தெரியும். ஆனா அது வெற்றியா தோல்வியா, எவ்வளவு காசு எங்க போனது எண்டு தெரியாது. கெய்சர் வழியாக வாறது வலிடேற்றர் அந்தப் பரிவர்த்தனையை ஓட்டிப் பார்த்த பிறகு வாற விளைவு. ரெண்டையும் ஒரே நிரலில் போட்டு மில்லிசெக்கன் எழுதுறது, அரிசியும் சோறும் ஒரே பட்டியலில போட்டு "அரிசி கெதியா வந்திட்டுது" எண்டு சொல்லுற மாதிரி. வந்தது உண்மைதான், ஆனா சமைக்கிற வேலை உங்கட தலையில விழுந்திட்டுது.

இதே மாதிரித்தான் உறுதிப்பாட்டு நிலைகளும். சொலானாவில் ஒரு தகவலை மூன்று நிலைகளில் பெறலாம். ஒரு வலிடேற்றர் ஓட்டிப் பார்த்த உடனேயே வாறது முதல் நிலை. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட ஸ்டேக் வாக்களித்த பிறகு வாறது இரண்டாவது. அதற்கு மேல் 31 பிளொக்குகளாவது சேர்ந்த பிறகு, ஏறக்குறைய 12.8 செக்கனில் வாறது மூன்றாவது, இனி மாறாது என்ற நிலை. முதல் நிலையில் வந்த தகவல் பிறகு சங்கிலியிலேயே இல்லாமல் போகவும் கூடும். ஆகவே, ஒரு சேவையை முதல் நிலையிலும் மற்றதை இரண்டாம் நிலையிலும் வைத்து ஒப்பிட்டால் யார் வெல்லுவினம் எண்டு சொல்லத் தேவையில்லை. எந்த நிலையில் அளந்தது என்று எழுதாத அட்டவணையை நாங்கள் வாசிக்கிறதே இல்லை.

அடுத்தது மணிக்கூடு. "பிளொக் உருவாகி 30 மில்லிசெக்கனில் எங்களிட்ட வந்திட்டுது" எண்டு ஒரு விளம்பரம் சொன்னால், பிளொக் எப்ப உருவானது எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்? சொலானா பிளொக்கில் பதிவாகிற நேரம் முழுச் செக்கன் கணக்கில்தான் இருக்கு, அதுவும் வலிடேற்றர்களின் வாக்குகளை வைத்துக் கணிக்கிற ஒரு மதிப்பீடு. செக்கன் முள் மட்டும் இருக்கிற மணிக்கூட்டை வச்சு 100 மீற்றர் ஓட்டத்தின்ர புகைப்பட முடிவை அறிவிக்கேலாது. நேர்மையாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒரே கணினியில் இரண்டு சேவைகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து, ஒரே பரிவர்த்தனை எதில் முதலில் வந்தது, மற்றதில் எவ்வளவு பிந்தி வந்தது என்று குறித்துக்கொண்டே போவது. அதில் கிடைக்கிறது "இதைவிட அது இவ்வளவு முந்தி" என்ற ஒப்பீடு மட்டுமே. தனிச் சேவை ஒன்றின்ர வேகம் எண்டு ஒரு எண் அதில வராது.

அந்தக் கணினி எங்க இருக்கு என்பது இன்னொரு கேள்வி. சொலானாவின் ஸ்டேக்கில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கிற தரவு நிலையங்களில் ஓடுது. பிராங்க்ஃபர்ட்டில் இருக்கிற லீடரின் முறை வரும்போது பிராங்க்ஃபர்ட்டில் சேர்வர் வைத்திருக்கிற சேவை வெல்லும். டோக்கியோ லீடரின் முறை வரும்போது டோக்கியோ சேவை வெல்லும். பத்து நிமிசம் ஓடவிட்டுப் பார்த்து அட்டவணை போடுறவர், அந்தப் பத்து நிமிசத்தில் ஆர் ஆர் லீடராக வந்தவை என்ற அதிர்ஷ்டத்தைத்தான் பெரும்பாலும் அளந்திருப்பார். லீடர்களின் வரிசை ஒரு எப்பொக்குக்கு, அதாவது 432,000 ஸ்லொட்டுகளுக்கு, முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. ஸ்லொட் 400 மில்லிசெக்கன் எண்டு வைத்தால் அது இரண்டு நாள். குறைஞ்சது அந்த ரெண்டு நாளாவது அளக்க வேணும். அப்பிடி அளந்தாலும் சராசரி மட்டும் போட்டுக் காணாது. நூறு தரத்தில் 99 தரம் எவ்வளவுக்குள் வருகிறது என்று பார்க்க வேணும். அமைதியான நாளில் எல்லாருமே கெதிதான். 2025 ஜனவரியில் ட்ரம்பின் பெயரில் மீம் கொயின் வந்த நேரம் மாதிரி எல்லாரும் ஒரே வாசலில் முட்டுற நேரத்திலதான் ஒரு சேவையின்ர குணம் தெரியும்.

இப்ப எங்கட பக்கம் வருவம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 8000 கிலோமீற்றர். அப்போ தகவல் இங்க வர 40 மில்லிசெக்கன், எங்கட கட்டளை திரும்பிப் போக இன்னொரு 40. கடலுக்கடியில் போகிற கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே உண்மையில் இதைவிடக் கூட. அதுக்கு மேல மனிசர் ஒண்டைக் கண்டு விரலை அசைக்கக் கால் செக்கன் அளவில் எடுக்கும். இதையெல்லாம் கூட்டினால் ஒரு ஸ்லொட்டில் முக்கால்வாசி போயிட்டுது. இந்த நிலைமையில் "அ" சேவை "ஆ" சேவையைவிட 5 மில்லிசெக்கன் முந்தி எண்டு சண்டை பிடிக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போற ஆள், பஸ் ஹோல்ட்டுக்குச் செருப்போட நடக்கிறதா சப்பாத்தோட நடக்கிறதா எண்டு யோசிக்கிற மாதிரி.

"அதுக்குத்தானே பிராங்க்ஃபர்ட்டிலேயே ஒரு சேர்வர் வாடகைக்கு எடுத்து பொட் ஓடவிடுறது" எண்டு சொல்லுவினம். சரி, விடலாம். அப்ப நீங்கள் போட்டி போடுறது உங்களைப் போல இன்னொரு மாணவரோட இல்லை. அதே கட்டடத்தில், சொந்த வலிடேற்றரும் சொந்த ஸ்டேக்கும் வைத்திருக்கிறவரோடு. சொலானாவின் அமைப்பிலேயே ஸ்டேக் கூடினவருக்கு முன்வரிசை இருக்கு. ஷ்ரெட்டுகள் ஒரு மரம் மாதிரிக் கிளை விட்டுப் பரவும்போது, ஸ்டேக் கூடின வலிடேற்றர்கள் வேருக்குக் கிட்ட இருக்கிற வாய்ப்பு அதிகம், ஆகவே முதலில் காணுவதும் பெரும்பாலும் அவை. 2024இல் நெரிசலைச் சமாளிக்கக் கொண்டுவந்த ஏற்பாட்டில், லீடருக்குப் பரிவர்த்தனை அனுப்புறதிலும் ஸ்டேக்குக்கு ஏற்ற முன்னுரிமை வந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதற்குக் காரணங்கள் இருக்கின்றன, குப்பைப் பரிவர்த்தனைகளைத் தடுக்க வேணும், சரிதான். ஆனா "ஆரும் வரலாம், எல்லாரும் சமம்" எண்டு விக்கப்பட்ட ஒரு வலையமைப்பில், காணுறதிலும் பேசுறதிலும் காசுள்ளவருக்கு முதலிடம் எண்டதை ஒருக்கா நிண்டு யோசிக்கத்தான் வேணும்.

இந்த ஓட்டம் புதுசும் இல்லை. 2010இல் ஸ்பிரெட் நெட்வேர்க்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி சிக்காகோவுக்கும் நியூஜேர்சிக்கும் இடையில் முடிந்தவரை நேராக ஒரு ஒளியிழைக் கேபிளைப் போட்டது. நீளம் ஏறக்குறைய 1330 கிலோமீற்றர், செலவு 300 மில்லியன் டொலர் அளவில். போய்வரும் நேரம் 13 மில்லிசெக்கன் அளவுக்கு இறங்கியது. வோல் ஸ்ட்ரீட் வரிசையில் நின்று வாங்கினது. கொஞ்ச வருசத்தில் மைக்ரோவேவ் கோபுரங்கள் வந்தன. காற்றில் அலை போகிற வேகம் கண்ணாடிக்குள் போகிறதைவிடக் கூட. கேபிளின் மவுசு போச்சு. 2017இல் அந்தக் கொம்பனி 127 மில்லியன் டொலருக்குக் கைமாற ஒப்பந்தமானது.

எரிக் பூடிஷ், பீட்டர் கிராம்டன், ஜோன் ஷிம் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் இருக்கிற ஒரு கணக்கு எங்களுக்கு மறக்கவே இல்லை. சிக்காகோவிலும் நியூயோர்க்கிலும் விலைபோகிற, கிட்டத்தட்ட ஒரே பொருளான இரண்டு முதலீட்டுப் பத்திரங்களின் விலைகள் கணநேரத்துக்குப் பிரியும்போது கிடைக்கிற இலாப வாய்ப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது எண்டு அவை பார்த்தவை. 2005இல் இடைநிலை 97 மில்லிசெக்கன். 2011இல் 7 மில்லிசெக்கன். ஆனா ஒரு வாய்ப்பில் கிடைக்கிற இலாபம் பெரிசாக மாறவேயில்லை. ஆறு வருசம் எல்லாரும் கேபிளுக்கும் கணினிக்கும் காசைக் கொட்டினவை, பரிசுத் தொகை அப்பிடியே இருந்தது, அதைத் தூக்கத் தேவையான வேகம் மட்டும் கூடினது.

எங்கட ஊர் ரோட்டில இதை நாங்கள் தினமும் பார்க்கிறம். தனியார் பஸ்ஸும் இ.போ.ச பஸ்ஸும் அடுத்த ஹோல்ட்டில நிக்கிற சனத்துக்காக ஓடுற ஓட்டம். ரெண்டும் எவ்வளவு விரட்டினாலும் ஹோல்ட்டில நிக்கிற சனம் கூடப் போறதில்லை. டீசல் எரியுது, உள்ளுக்க இருக்கிறவை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கடவுளைக் கும்பிடினம். டயர் விக்கிறவருக்கு மட்டும் நல்ல வியாபாரம். தரவு ஸ்ட்ரீம் விக்கிற கொம்பனிகளை நாங்கள் அந்த டயர்க் கடைக்காரராகத்தான் பார்க்கிறோம். கெட்டவர்கள் எண்டு சொல்லேல்லை, நல்ல டயர்தான் விக்கினம். ஆனா ஒருவர் 10 மில்லிசெக்கன் முந்தினால் அது அவருக்கு இலாபம், எல்லாரும் 10 மில்லிசெக்கன் முந்தினால் கடைக்காரருக்கு மட்டும் இலாபம்.

சரி, ஓடுறவை ஓடட்டும், எங்களுக்கென்ன எண்டு விட்டிடலாமா? விடேலாது, ஏனெண்டா பரிசுத் தொகை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி இருக்கு. சாண்ட்விச் தாக்குதல் எண்டு ஒண்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்கள். நீங்கள் ஒரு கொயினை வாங்கப் போறீங்கள், விலை 10 சதவீதம் வரைக்கும் ஏறினாலும் பரவாயில்லை எண்டு அமைப்பில போட்டிருக்கிறீங்கள். உங்கட கட்டளையைக் கண்ட பொட் ஒன்று உங்களுக்கு முன்னுக்கு வாங்கி விலையை ஏத்தும். நீங்கள் ஏறின விலைக்கு வாங்குவீங்கள், அதில விலை இன்னும் ஏறும். உடனே அது வித்திட்டுப் போயிடும். உங்கட போனில "வெற்றி" எண்டு பச்சையாக் காட்டும். ஒண்டும் களவு போன மாதிரித் தெரியாது. சொலானாவின் அடிப்படை வடிவமைப்பில் காத்திருக்கும் பரிவர்த்தனைகளை எல்லாரும் பார்க்கிற பொது அறை இல்லை. ஜிட்டோ அப்படியொன்றை இயக்கியது, சாண்ட்விச் பிரச்சினை முத்தியதும் 2024 மார்ச்சில் அதை நிறுத்தியது. அதோடு முடியவில்லை. அதே வருசம் ஜூனில் சொலானா பவுண்டேசன் இந்த வேலையில் ஈடுபட்ட சில வலிடேற்றர் நடத்துநர்களைத் தன் ஸ்டேக் உதவித் திட்டத்திலிருந்து விலக்க வேண்டி வந்தது.

இப்படிப் போன காசுக்கு எங்க போய் முறையிடுறது? இலங்கை மத்திய வங்கி மெய்நிகர் நாணயங்களுக்கு ஒழுங்குவிதி ஏதும் இல்லை எண்டு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கு. கடனட்டை, பற்றட்டை மூலம் அவற்றுக்குக் காசு செலுத்த அனுமதியில்லை என்ற பணிப்புரை 2021இலேயே இருக்கு. அதால வாங்குறவை தெரிந்த ஒருவரின் கையில் ரூபாயைக் கொடுத்துத்தான் பெரும்பாலும் வாங்கினம். இழந்தால் அதைச் சொல்லவும் வெட்கம், சொல்ல ஒரு இடமும் இல்லை. வேலையில்லாத பட்டதாரி எண்ட பயத்தோட படிக்கிற ஒரு தலைமுறைக்கு "மாதம் இவ்வளவு டொலர் கட்டினா முதல் ஆளா நிக்கலாம்" எண்ட வசனம் எவ்வளவு இழுக்கும் எண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும். அதாலதான் இதை எழுதுறம்.

கெதியான தரவே தேவையில்லை எண்டு நாங்கள் சொல்லவரவில்லை. கடன் கொடுக்கிற நெறிமுறை ஒன்றில் பிணைப்பொருளின் விலை விழும்போது அது உடனே தெரியாட்டி, போட்ட எல்லாரின்ர காசும் ஆபத்து. ஒரு பணப்பை செயலி, காசு வந்திட்டுதா எண்டதை ஒரு செக்கனுக்குள்ள காட்டினால் நல்லது. ஹக் நடக்கும்போது கண்காணிக்கிறவருக்கும் நேரம் முக்கியம். ஆனா இந்த வேலைகள் எதுக்கும் 5 மில்லிசெக்கன் வித்தியாசம் பொருட்டே இல்லை. அவைக்குத் தேவை வேறு: ஒரு பரிவர்த்தனையும் தவறக்கூடாது, தொடர்பு அறுந்தால் விட்ட ஸ்லொட்டிலிருந்து திரும்பத் தர வேணும், நெரிசல் நேரத்தில் படுத்திடக் கூடாது. ஒரு மாதத்தில் எத்தனை பரிவர்த்தனையைத் தவறவிட்டது எண்டு காட்டுற ஒப்பீட்டு அட்டவணை எங்கட குழுக்களுக்கு ஒருக்காவும் வந்ததில்லை. எங்களிட்டக் கேட்டால், மென்பொருள் கட்டுற நண்பர்களுக்கு நாங்கள் 50 மில்லிசெக்கன் பிந்தி வந்தாலும் ஒண்டையும் விடாத சேவையைத்தான் எடுக்கச் சொல்லுவம். மீதிக் காசுக்கு ஒரு நல்ல லப்டொப் வாங்கலாம்.

ஓட்டத்தை நிறுத்த வழியே இல்லையா எண்டால், இருக்கு. பூடிஷ் குழுவின்ர யோசனை எளிமையானது: கட்டளைகளை வந்த வரிசையில் நிறைவேற்றாமல், ஒரு குறுகிய இடைவெளிக்குள் வந்ததெல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலையில் ஏலம் போடுவது. இடைவெளிக்குள் ஆர் முதலில் வந்தது என்பதற்கு மதிப்பே இல்லாமல் போகும். அமெரிக்காவில் ஐஈஎக்ஸ் என்ற பங்குச் சந்தை இன்னொரு வழியில் போனது. 61 கிலோமீற்றர் ஒளியிழைக் கேபிளைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்து, வாற கட்டளைகளை 350 மைக்ரோசெக்கன் தாமதப்படுத்தியது. ஆகக் கெதியானவரின் முந்துகையை ஒரு கேபிள் சுருள் விழுங்கிவிட்டது. 2016இல் அதற்குப் பங்குச் சந்தை அனுமதியும் கிடைத்தது. எதீரியத்தில் கவ் சுவொப் போன்றவை தொகுப்பு ஏலத்தை ஏற்கெனவே நடத்துகின்றன.

சொலானா உலகம் இப்போதைக்குப் பெரும்பாலும் மற்றத் திசையில்தான் ஓடுது. 2025இல் டபிள் ஸீரோ எண்ட தனி ஒளியிழை வலையமைப்பு வலிடேற்றர்களுக்காகத் திறக்கப்பட்டது, பொது இணையம் காணாதாம். அதே வருசம் முன்வைக்கப்பட்ட அல்பன்குளோ என்ற மாற்றம், அந்த 12.8 செக்கன் உறுதிப்பாட்டை 150 மில்லிசெக்கன் அளவுக்குக் கொண்டுவரும் எண்டு சொல்லுது. அது வந்தால் கடைசி நிலைக்காகக் காத்திருக்கிறவைக்கு உண்மையிலேயே நல்லது, முதல் நிலைத் தகவலை நம்பி ஏமாறத் தேவையிருக்காது. முன்வரிசைப் போட்டி எங்க நகரும் எண்டதைப் பிறகு பார்ப்பம். அதுவரைக்கும் குழுவில் அட்டவணை போடுறவரிட்ட நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிற நாலு விசயம் இதுதான்: எந்த ஊரில இருந்து அளந்தனீங்கள், எந்த நிலையில, எத்தினை மணித்தியாலம், கீழ இருக்கிற அந்த இணைப்பில ஆராவது சேர்ந்தா உங்களுக்கு எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் போடேல்லை.